நீர் மாத்திரைக்கு முன்னால் ஒரு எக்கோ

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகி எழுதியிருந்தார். தன் கணவருக்கு இரண்டு காலும் வீங்குகிறது, மாடி ஏறினால் மூச்சிரைக்கிறது, என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டிருந்தார். பதில் எழுதிய மருத்துவர் இதயம் பலவீனமாவது, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, ரத்தசோகை என்று நான்கு காரணங்களைச் சொல்லியிருந்தார். நான்கும் சரிதான். ஆனால் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்துக்கொள்வது. அதில்தான் என் தம்பி சாகக் கிடந்து பிழைத்தான். அந்த ஐந்தாவதையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசுப் பேருந்தில் 29 ஆண்டு நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்ல. இதில் இருப்பதெல்லாம் நாங்கள் பட்டது, மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கியது, மருந்தாளுநராக வேலை பார்க்கும் என் மகள் படித்துச் சொன்னது. அவ்வளவுதான்.

தம்பிக்கு 46 வயது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறான். ஒரு ஆள் நான்கு தறி பார்க்க வேண்டும். பாவு அறுந்தால் பிணைக்க வேண்டும், ஊடைத் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். பன்னிரண்டு மணி நேரமும் நின்றபடி, நடந்தபடி செய்கிற வேலை. உடம்பு இளைப்பதும் களைப்பதும் தறிக்காரர்களுக்குப் புதிதல்ல. அதனால் போன வருஷம் ஆனி மாதம் அவனுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரை போட்டால் வியர்த்து விடும், காலையில் வேலைக்குப் போய்விடுவான். இப்படியே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. இருமல் இல்லை. சளி இல்லை. அதனால் டிபி என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. இருமினால்தான் டிபி என்று நானும் நினைத்திருந்தேன், தெருவே அப்படித்தான் நினைக்கிறது.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக உறைத்தது. சின்ன வயதிலிருந்தே தபசுக் காட்சி முடிகிறவரை கூட்டத்தில் நிற்கிறவன் அவன். தன் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அன்றைக்குத் தெற்கு ரத வீதியில் பாதி தூரம் வந்ததும் ஒரு கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "நீங்க போங்க அண்ணே, எனக்கு மூச்சு எட்ட மாட்டேங்கு" என்றான். உதடு வெளிறியிருந்தது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. வெயில், கூட்டம் என்று நாங்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டோம்.

அதற்கடுத்து வந்தது வயிறு. இரண்டு இட்லி தின்றாலே போதும் என்பான். மேல் வயிறு கல் மாதிரி இருக்கிறது, குமட்டுகிறது என்பான். உடனே எல்லாரும் கேஸ் டிரபிள் என்றார்கள். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, எல்லாம் நடந்தது. ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். "அட்டாக் எதுவும் இல்லை" என்று சொன்னார்கள். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தத் தாளை மடித்து ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்தோம். அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புரட்டாசி பிறந்ததும் கால் வீங்கியது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். இதயம் பெருத்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. வயிற்று ஸ்கேனில் கல்லீரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் கொஞ்சம் நீர் இருக்கிறது என்று வந்தது. இவற்றைப் பார்த்த ஒரு மருத்துவர், இதயம் பலவீனமாகிவிட்டது என்று முடிவு செய்து சிறுநீரைக் கூட்டி வீக்கத்தை வற்ற வைக்கும் நீர் மாத்திரை எழுதினார், ஊசியும் போட்டார். இதயத்தைத் திரையில் பார்க்கும் ஸ்கேனான எக்கோ எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு வரச் சொல்லவும் இல்லை. அவரைத் தூற்றுவதற்காக இதை எழுதவில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக நூறு பேர் வெளியில் காத்திருக்க, ஒருவருக்கு ஐந்து நிமிஷம் கிடைப்பதே பெரிது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன தவறியது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தால் யாருக்கும் பயன் இல்லை.

ஊசி போட்ட அன்று ராத்திரி முழுக்கச் சிறுநீர் போனது. கால் வீக்கம் கொஞ்சம் வற்றியது. மருந்து கேட்கிறது என்று சந்தோஷப்பட்டோம். மறுநாள் மாலை கட்டிலிலிருந்து எழுந்தவன் அப்படியே சுவரோடு சரிந்தான். கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. கூப்பிட்டால் முனகினான்.

அதற்கு முன் பத்து நாளாக அவன் படுக்கவே இல்லை என்பதை அப்போதுதான் தம்பி மனைவி சொன்னாள். "மல்லாக்கப் படுத்தா நெஞ்சு மேல ஆளு ஏறி உக்காந்த மாதிரி இருக்குன்னு சொல்லுதாவோ அத்தான். ஸ்டூல்ல தலகாணிய வச்சு, அதுக்கு மேல முன்னால சாஞ்சுகிட்டேதான் ராத்திரி பூராம் இருக்காவோ" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். உட்கார்ந்திருக்கும்போதே கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கிறதாம். அவள் எட்டாவது படித்தவள். நோயின் மிக முக்கியமான இரண்டு அடையாளங்களையும் அவள் பார்த்து வைத்திருந்தாள். ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது அதுதான்.

108 வந்தது. வண்டியில் வந்த உதவியாளர் பிரஷர் பார்த்துவிட்டு மேல் அளவே 78தான் என்றார், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடலாம் என்று சொல்லிவிட்டார். பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர், ராமையன்பட்டி. எத்தனையோ ஆயிரம் தடவை டிக்கெட் கிழித்த ஸ்டேஜ்கள். அன்றைக்கு ஒவ்வொன்றும் வர அவ்வளவு நேரம் ஆனது.

அங்கே அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் மருத்துவர். என் மகளை விடச் சின்ன வயது இருக்கும். அவர் முதலில் செய்தது, தம்பியின் மணிக்கட்டில் விரலை வைத்ததுதான். "மெதுவா மூச்சை உள்ள இழுங்க" என்றார். இழுத்தான். "விடுங்க." விட்டான். இரண்டு மூன்று முறை செய்யச் சொன்னார். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் நாடி மங்கி ஏறக்குறைய இல்லாமலே போகிறது, விடும்போது திரும்ப வருகிறது என்று பக்கத்தில் இருந்த பயிற்சி மருத்துவரிடம் சொன்னார். கழுத்தைப் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். சத்தம் தூரத்தில் கேட்பது போல இருக்கிறது என்றார். ஐந்து நிமிஷத்துக்குள் எக்கோ கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஐயா, இந்த நடுவுல துடிக்குதுல்லா, அதுதான் இதயம். அதைச் சுத்திக் கறுப்பா ஒரு பட்டை தெரியுது பாருங்க, அத்தனையும் தண்ணி." அந்தக் கறுப்புக்குள் இதயம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. இதயம் பெருத்திருக்கிறது என்று எக்ஸ்ரேயில் எழுதியிருந்தது உண்மையில் இதயமே அல்ல. இதயம் தன் அளவில்தான் இருந்தது. அதைச் சுற்றிய பைதான் பானை மாதிரி உப்பியிருந்தது.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு உறை இருக்கிறது. பெரிகார்டியம் என்பார்கள். அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் உராய்வு இல்லாமல் இருக்க எல்லாருக்குமே 15 முதல் 50 மில்லி நீர் இருக்கும். ஒரு சின்ன காபி டம்ளர் அளவுகூட வராது. நோய் வந்தால் அந்த நீர் கூடுகிறது. ஆனால் எவ்வளவு கூடுகிறது என்பதை விட எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. காயத்தால் திடீரென்று ரத்தம் கசிந்தால் 200 மில்லியே ஆளைக் கொன்றுவிடும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்ந்தால் உறை இளகிக் கொடுத்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். எனக்குப் பேருந்துதான் நினைவுக்கு வந்தது. ஊருக்கு ஊர் இரண்டிரண்டு பேராக ஏறினால் ஜனங்கள் தாங்களே உள்ளே தள்ளி இடம் கொடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் இன்னும் நான்கு பேர் ஏறினாலும் யாரும் அசைய முடியாது, கதவும் சாத்தாது. உறையும் அப்படித்தான். இளகுவதற்கு இனி இடமில்லை என்ற எல்லையைத் தொட்டதும், அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு மடக்கு நீரும் இதயத்தைப் போட்டு அழுத்துகிறது. அந்த நிலைக்கு டேம்பனேட் என்று பெயர்.

அழுத்தப்படும்போது முதலில் நசுங்குவது இதயத்தின் வலது பக்கம். அங்கே சுவர் மெல்லியது. உடம்பிலிருந்து திரும்பி வருகிற ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே தேங்குகிறது. கழுத்து நரம்பு என்று நாம் சொல்கிற ரத்தக் குழாய் புடைப்பது அதனால். கல்லீரல் வீங்குவதும், மேல் வயிறு கனத்து இரண்டு இட்லியில் நிறைந்துவிடுவதும், கால் வீங்குவதும் அதனால்தான். இதயத்துக்குள் வருகிற ரத்தமே குறைவு என்பதால் வெளியே போவதும் குறைகிறது, பிரஷர் விழுகிறது. நாங்கள் கேஸ் என்று சொன்னது, கல்லீரல் என்று சொன்னது, கால் வீக்கம் என்று சொன்னது எல்லாமே ஒரே நோய்.

நீர் மாத்திரை ஏன் அவனைச் சாய்த்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. நசுங்கிக் கிடக்கும் இதயத்துக்குள் கொஞ்சமாவது ரத்தம் போகிறது என்றால், ரத்தக் குழாய்களில் தேங்கி நிற்கும் அந்த அழுத்தம்தான் உள்ளே தள்ளுகிறது. நீரை வெளியேற்றி அந்த அழுத்தத்தையும் குறைத்துவிட்டால் இதயம் வற்றிப்போகிறது. அதனால்தான் ஹைகிரவுண்டில் வந்ததும் நீரை எடுக்க ஏற்பாடு செய்துகொண்டே, கையில் சலைன் ஏற்றினார்கள். வீங்கிக் கிடப்பவனுக்கு எதற்கு மேலும் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று நான் பதறிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். இதயம் உண்மையிலேயே பலவீனமாகிவிட்டவர்களுக்கு நீர் மாத்திரைதான் உயிர். அவர்கள் அதை ஒரு நாளும் தாங்களாக நிறுத்தக் கூடாது. நான் சொல்ல வருவது மாத்திரை கெட்டது என்பதல்ல. எந்த நோய்க்குக் கொடுக்கிறோம் என்று ஒரு எக்கோவில் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்பதுதான்.

கையெழுத்து வாங்கினார்கள். ஊசி இதயத்திலோ கல்லீரலிலோ பட்டுவிடும் அபாயம் உண்டு, எக்கோவில் பார்த்துக்கொண்டேதான் குத்துவோம் என்றார்கள். நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, நீண்ட ஊசி வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார்கள். வெளியே வந்த நீர் நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்தது. ரத்தம் என்று நினைத்து எனக்குக் கால் நடுங்கியது. டிபியிலும் புற்றுநோயிலும் இப்படி ரத்தம் கலந்த நிறத்தில் வருவது உண்டு என்று செவிலியர் சொன்னார். முதல் 200 மில்லி வந்தபோதே பிரஷர் 78-லிருந்து 104-க்கு ஏறியது. தம்பி கண்ணைத் திறந்து என்னைத் தேடினான். "அண்ணே, பாரம் இறங்கிட்டு" என்றான். குழாயை மூன்று நாள் விட்டு வைத்தார்கள். மொத்தம் 1,100 மில்லி வந்தது.

பழைய ஈசிஜி தாளை நான் காட்டியபோது அந்த மருத்துவர் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அலைகள் எல்லாம் குட்டையாக இருந்தன. இதயத்துக்கும் நெஞ்சுத் தோலுக்கும் நடுவில் நீர் நிற்பதால் மின்னலைகள் வெளியே மங்கலாகத்தான் வந்து சேரும் என்றார். அட்டாக் இல்லை என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தத் தாளில் வேறொரு சேதி இருந்தது.

என் மகள் பிறகு சில விஷயங்களைத் தேடிப் படித்துச் சொன்னாள். மூச்சை இழுக்கும்போது நாடி மங்குவதை ஜெர்மனியில் குஸ்மால் என்ற மருத்துவர் 1873-லேயே எழுதி வைத்திருக்கிறார். பிரஷர் விழுவது, கழுத்து நரம்பு புடைப்பது, இதயச் சத்தம் மங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் டேம்பனேட் என்று நினைக்க வேண்டும் என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1935-ல் எழுதினார். எக்கோவால் இந்த நீரைப் பார்த்துவிடலாம் என்று ஹார்வி ஃபைகன்பாம் என்பவர் காட்டியது 1965-ல். எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. விரலுக்கும் கண்ணுக்கும் செலவும் கிடையாது. அது எங்கள் தம்பிக்கு வந்து சேர இரண்டரை மாதம் ஆனது.

நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் டிபி இருந்தால் நீரில் கூடுகிற ஒரு நொதியை அளக்கும் ஏடிஏ என்ற பரிசோதனையில் அளவு மிக அதிகம். இந்த நீரில் கிருமிகள் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் சிபிநாட்டில் தவறிப்போவது சகஜம், மற்ற அடையாளங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி டிபி மருந்து ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் இதய உறையில் நிறைய நீர் கோப்பதற்கு டிபி ஒரு முக்கியமான காரணமாம். டிபி மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரலாம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு வரலாம். நுரையீரல், மார்பகப் புற்றுநோய் பரவி வரலாம். தைராய்டு மிகவும் குறைந்தவர்களுக்கும் வரும். என்னோடு ஒரே டிப்போவில் இருந்த ஓட்டுநர் ஒருவரின் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு வருஷத்தில் மூச்சிரைப்பு வந்தபோது, நான் போனில் சொன்ன முதல் வார்த்தையே எக்கோ எடுங்கள் என்பதுதான். எடுத்தார்கள், நீர் இருந்தது, உரிய நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

சரி, நீரை எடுத்தாயிற்று, மருந்தும் ஆரம்பித்தாயிற்று, இனி என்ன என்று நான் நினைத்தேன். அடுத்த கட்டிலில் இருந்தவரைப் பார்த்த பிறகுதான் இந்த நோய்க்கு இரண்டாவது கட்டம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அவர் ஒரு விவசாயி. எட்டு வருஷத்துக்கு முன் தம்பிக்கு வந்தது போலவே வந்து, நீர் எடுத்து, டிபி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டார். நடவு நேரம், ஆள் கிடைக்கவில்லை என்றார். சில வருஷம் கழித்து வயிறு உப்ப ஆரம்பித்தது. ஏழாம் மாதக் கர்ப்பிணி போல. போன இடத்தில் எல்லாம் கல்லீரல் கெட்டுவிட்டது என்றே சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு குடிப்பீர்கள் என்றுதான் முதல் கேள்வி. அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. இல்லை என்று சொன்னால் மருத்துவர்கள் நம்புவதில்லை. கடைசியில் மனைவியும் பிள்ளைகளும்கூடச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். இதை என்னிடம் சொல்லும்போது அவர் அழுதார். மூச்சிரைப்பை விட அது அவரை அதிகம் கொன்றிருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை வயிற்றிலிருந்து நீர் எடுப்பது, வீட்டுக்குப் போவது, மறுபடி உப்புவது, இப்படியே வருஷங்கள் போயிருக்கின்றன.

உண்மையில் அவருடையது கல்லீரலில் தொடங்கிய நோயே அல்ல. புண்ணாகி ஆறிய இதய உறை தழும்பு போலத் தடித்து, சுருங்கி, சுண்ணாம்பு ஏறி ஓடு மாதிரி ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் இதயத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டது போலத் தெரிந்ததை எனக்கும் காட்டினார்கள். அந்த ஓட்டுக்குள் இதயம் விரிய முடியவில்லை. முன்னே நீர் செய்ததை இப்போது ஓடு செய்கிறது. ஆனால் இதை ஊசி போட்டு எடுக்க முடியாது. நெஞ்சைத் திறந்து அந்த உறையை இதயத்திலிருந்து உரித்தெடுக்க வேண்டும். பெரிய அறுவை சிகிச்சை, ஆபத்தும் அதிகம். நாள் கடந்துவிட்டால் இதயத் தசையே நலிந்துவிடும், உரித்தாலும் முழுப் பலன் கிடைக்காது. அவரைக் காப்பீட்டு அட்டையோடு மதுரைக்கு அனுப்பினார்கள். அப்புறம் அவரைப் பற்றிய தகவல் எனக்குக் கிடைக்கவில்லை. வாங்கி வைத்த போன் நம்பர் வேலை செய்யவில்லை.

இந்த ஓடு கட்டுவதைத் தடுக்க ஸ்டீராய்டு மாத்திரை உதவுமா என்று ஆப்பிரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. கேப்டவுன் மருத்துவர் போங்கானி மயோசி தலைமையில் 1,400 நோயாளிகளிடம் செய்து 2014-ல் வெளியிட்டார்கள். ஸ்டீராய்டு கொடுத்ததால் சாவு குறையவில்லை. ஆனால் உறை இறுகிப்போவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஹெச்ஐவி இருப்பவர்களுக்கு அதனால் வேறு கேடு வந்தது. அதனால் யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தம்பிக்கு ஹெச்ஐவி இல்லை என்று பார்த்துவிட்டு ஆறு வாரம் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார்கள்.

டிபி மருந்து ஆறு மாதம். எடைக்கு ஏற்ற அளவில் தினமும் வெறும் வயிற்றில். எல்லாம் இலவசம். சத்துணவுக்கு என்று மத்திய அரசு 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியதை இப்போது 1,000 ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் வங்கிக் கணக்கில் வந்தது. முட்டைக்கும் பாலுக்கும் உதவியது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து முதல் நாள் பயந்துவிட்டான். அது மருந்தின் நிறம்தான் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டிருக்காது. மூன்றாவது மாதம் அவனும் அந்த விவசாயி நின்ற இடத்தில்தான் வந்து நின்றான். எடை ஐந்து கிலோ கூடியிருந்தது, மூச்சு சீராக இருந்தது. மாத்திரை போட்டால் குமட்டுகிறது, தறிக்குப் போக முடியவில்லை, போதும் என்றான். நான் வேறொன்றும் பேசவில்லை. அடுத்த கட்டில்காரரின் வயிற்றை நினைவுபடுத்தினேன். அன்று இரவே மாத்திரைப் பட்டையை என் கையில் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு தினமும் காலையில் நானே போய்க் கொடுத்தேன்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. டிபி என்று கண்டறிந்தவுடனேயே ஒருவர் எவ்வளவு மெலிந்திருக்கிறார், கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அருமையான திட்டம். அதில் கால் வீக்கத்தைப் பார்க்கும் அந்தச் செவிலியர், அப்படியே கழுத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும், படுத்துத் தூங்க முடிகிறதா என்று ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். இரண்டும் சரியில்லை என்றால் எக்கோவுக்கு அனுப்ப வேண்டும். எக்கோ கருவியும் அதற்கான மருத்துவரும் எல்லாத் தாலுகா மருத்துவமனையிலும் இருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஹைகிரவுண்டு மருத்துவர் ஒன்று சொன்னார். வயிற்று ஸ்கேன் பார்க்கும் அதே கருவியை நெஞ்செலும்புக்குக் கீழே வைத்துக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பினால் இதயத்தைச் சுற்றிய நீர் தெரிந்துவிடுமாம். தம்பிக்கு வயிற்று ஸ்கேன் எடுத்த அன்று, அந்தக் கருவி நீர் நின்ற இடத்துக்கு நான்கு விரற்கடை கீழேதான் இருந்திருக்கிறது. வட்டார, தாலுகா மருத்துவமனைகளில் இருக்கும் மருத்துவர்களுக்கு இதை மட்டும் பழக்கிவிட்டால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று சுகாதாரத் துறை அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

உங்கள் மருத்துவப் பகுதியில் எழுதும் மருத்துவர் ஐயாவுக்கும் என் வேண்டுகோள். அந்த வாசகிக்கு எழுதிய பதிலில் இந்த ஐந்தாவது காரணத்தையும் சேர்த்து ஒரு முறை எழுதுங்கள். அவர் கணவருக்கு இது இல்லாமல் இருக்கலாம், இல்லாமல் இருந்தால் நல்லது. அந்தம்மா இதைப் படித்தால், உங்கள் கணவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாரா என்று பாருங்கள் அம்மா. கழுத்து நரம்பைப் பாருங்கள். இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் பார்த்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.

தம்பி ஆறு மாத மருந்தை முடித்துவிட்டான். போன எக்கோவில் நீர் இல்லை, உறை கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் இறுகவில்லை என்று சொன்னார்கள். உறை இறுகுவது மாதங்கள், வருஷங்கள் கழித்தும் வரலாம் என்பதால் அவ்வப்போது வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கார்த்திகையில் அடுத்த எக்கோ. இப்போது பகல் ஷிப்டு மட்டும் போகிறான், இரண்டு தறி பார்க்கிறான்.

ஆசிரியர் அவர்களே, கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். தம்பி மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நுரையீரலிலோ குரல்வளையிலோ இல்லாத டிபி இருமல் வழியாக யாருக்கும் பரவாது என்று எவ்வளவு சொன்னாலும், போன மாதம் பெண் பார்க்க வந்த குடும்பம் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனது. வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் டிபி நன்றாகக் குணமாகும் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. 1959-ல் வெளியானது. அதே தமிழ்நாட்டில் ஒரு பெண் பிள்ளையின் கல்யாணம் இதற்காக நிற்பது எனக்குத் தாங்கவில்லை. தம்பியிடம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க அண்ணே. தறி சத்தத்துல நாம சொன்னா எவனுக்குக் கேக்கும், பேப்பர்ல வந்தா டீக்கடையில நாலு பேரு படிப்பான்" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
சங்கரன்கோவில்.